ஆறு துறை அலுவலகங்களை ஒன்றாக்குகிறார்கள், என்னைப் பொறுப்பேற்கச் சொல்கிறார்கள். ஆணை வரும் முன் எதையெல்லாம் கேட்பது?

பிரிவு அலுவலர் 14 எழுதியது:

வணக்கம். பல்கலைக்கழக நிர்வாகத்தில் இருப்பவர்கள், இருந்து ஓய்வு பெற்றவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பதில் சொல்லுங்கள், அவசரமாகத் தேவைப்படுகிறது.

நான் 14 வருடமாகப் பல்கலைக்கழக அலுவலகப் பணியில் இருக்கிறேன். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, உதவியாளராகி, இப்போது ஒரு துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளர். போன மாதம் பதிவாளர் அலுவலகத்திலிருந்து இரண்டு பக்கச் சுற்றறிக்கை வந்தது, பொருள் 'நிர்வாக மறுசீரமைப்பு'. எங்கள் புலத்தில் உள்ள ஆறு துறை அலுவலகங்களின் கணக்கு, பணியமைப்பு (பணியாளர் விவகாரங்கள்), மாணவர் சேவை மூன்றையும் பிரித்தெடுத்து ஒரே மையத்துக்குக் கொண்டுபோகிறார்கள், துறைக்கு ஒரே ஒருவர்தான் மிச்சம் இருப்பார். கூடவே ஒரு அமைப்பு வரைபடம் இணைத்திருந்தார்கள். அதில் கட்டங்களை எண்ணிப் பார்த்தேன், 24. ஆறு அலுவலகத்திலும் சேர்த்து இப்போது நாங்கள் 31 பேர். மீதி 7 பேரைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பத்து நாள் கழித்துப் பதிவாளர் என்னைக் கூப்பிட்டு, "மையத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், உதவிப் பதிவாளர் பொறுப்பு, ஆணை பின்னால் வரும்" என்றார். மூன்று வாரம் ஆகிவிட்டது, ஆணை வரவில்லை. ஆனால் வரும் திங்கட்கிழமை முதல் மேசைகளை நகர்த்தச் சொல்லி வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள், பீரோ சாவிகள்கூட என்னிடம் வந்துவிட்டன.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு இந்தப் பதவி வேண்டும். இத்தனை வருடம் உழைத்தது இதற்காகத்தான். ஆனால் பணிமூப்புப் பட்டியலில் எனக்கு மேலே இரண்டு பேர் இருக்கிறார்கள், அதில் ஒரு அக்காதான் நான் சேர்ந்த முதல் வாரம் பக்கத்தில் உட்கார வைத்துக் கோப்பில் குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தவர். அவருக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், கேட்டால் பதவியே கை நழுவிப் போய்விடுமா? இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வு பெற்ற துணைப் பதிவாளர் எழுதியது:

அம்மா, முதலில் ஒன்று. ஆணை கையில் வராமல் அந்த நாற்காலியில் உட்காராதீர்கள். மேசையை நகர்த்தட்டும், பீரோ போகட்டும், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் எந்தத் தாளிலும் 'உதவிப் பதிவாளர் பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். நான் 33 வருடம் பணியமைப்புப் பிரிவிலேயே இருந்தவன், வாய்மொழிப் பொறுப்பால் கெட்டுப்போன கோப்புகளை எண்ணி முடியாது.

காரணம் சொல்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தில் பணியிடம் உருவாக்குவது வேறு, இருக்கிற ஆளை இடம் மாற்றுவது வேறு. இடமாற்றத்தைப் பெரும்பாலும் பதிவாளரே செய்துவிடலாம். புதிதாக ஒரு பணியிடத்தை உண்டாக்குவதோ, இருப்பதை ஒழிப்பதோ, ஒரு பதவியின் பெயரை மாற்றுவதோ அநேகமாக எல்லாப் பல்கலைக்கழகத்திலும் பெரிய நிர்வாக முடிவுகளை எடுக்கிற ஆட்சிக்குழுவின் கையில்தான் இருக்கும், சில இடங்களில் நிதிக்குழுவின் ஒப்புதலும் சேர்ந்து வேண்டும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த மையத்துக்கும் இந்த உதவிப் பதிவாளர் பணியிடத்துக்கும் ஆட்சிக்குழுத் தீர்மானம் இருக்கிறதா, இருந்தால் எண்ணும் நாளும் என்ன. தீர்மானம் இல்லை என்றால் அந்தப் பணியிடமே இல்லை, நீங்கள் இல்லாத ஒரு இடத்துக்குப் பொறுப்பு வகிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்தது ஆணையின் வாசகம். பொறுப்பு என்று வருகிறதா, கூடுதல் பொறுப்பு என்று வருகிறதா, தற்காலிகப் பதவி உயர்வு என்று வருகிறதா, மூன்றும் ஒன்றல்ல. கூடுதல் பொறுப்பு என்றால் உங்கள் பழைய வேலையும் உங்கள் தலையில்தான். வெறும் பொறுப்பு என்றால் அந்தக் காலம் பணிமூப்புக்குக் கணக்கில் வராமல் போகலாம், ஊதியமும் மாறாது. எவ்வளவு காலத்துக்கு என்று நாள் குறித்திருக்க வேண்டும். "மறு ஆணை வரும் வரை" என்று போட்டால் அதற்கு முடிவே கிடையாது, எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த நான்கு சொற்களை நம்பிக் கிட்டத்தட்ட ஆறு வருடம் பொறுப்பிலேயே இருந்து, ஓய்வு பெறும்போது கண்காணிப்பாளராகவே வெளியே போனார். அவருடைய பணிப்பதிவேட்டை நான்தான் முடித்து அனுப்பினேன். அந்த ஆறு வருடத்துக்கு அதில் ஒரு பதிவுகூட இல்லை. நான் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன், அவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் அதிகாரப் பகிர்வு. நீங்கள் எதில் கையெழுத்திடலாம்? விடுப்பு ஒப்புதல், செலவுச் சீட்டு எந்தத் தொகை வரை, மாணவர் சான்றிதழ், வெளியே போகும் கடிதம், ஒவ்வொன்றும் ஆணையிலோ இணைப்பிலோ வர வேண்டும். அதிகாரம் இல்லாதவர் கையெழுத்திட்ட சான்றிதழை வைத்துக்கொண்டு ஒரு மாணவர் வேலைக்குப் போய், இரண்டு வருடம் கழித்துச் சரிபார்ப்புக்கு வந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள் இல்லை, அந்தப் பிள்ளை. இதைச் சொல்லியே கேளுங்கள், யாரும் கோபப்பட முடியாது.

கடைசியாக உங்கள் தாய்ப் பணியிடம். பொறுப்பு முடிந்தால் நீங்கள் எங்கே திரும்பிப் போவீர்கள்? உங்கள் துறை அலுவலகமே அந்த 24 கட்டத்துக்குள் கரைந்துவிட்டால், திரும்ப ஒரு நாற்காலி இருக்க வேண்டும் அல்லவா. 'கண்காணிப்பாளர் பணியிடத்தின் மீதான உரிமை தொடரும்' என்று ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்டால் பதவி போய்விடுமா என்று பயப்படுகிறீர்கள். கேள்வியாகக் கேட்டால் போகலாம். குறிப்பாக எழுதி, வரைவு ஆணையையும் நீங்களே தயாரித்து மேலே வையுங்கள். பதிவாளருக்கு வேலை மிச்சம், கையெழுத்து சீக்கிரம் விழும். 14 வருடம் குறிப்பு எழுதியவருக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

---

கணினிப் பிரிவு எழுதியது:

மேடம், சார் சொன்னது எல்லாம் சரி, ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மென்பொருளில் உங்கள் ஒப்புதல் அதிகாரத்தை எந்த நாளில் மாற்றுகிறார்கள் என்பதையும் அதே ஆணையில் போடச் சொல்லுங்கள். எங்கள் இடத்தில் இரண்டு பிரிவை இணைத்தபோது ஆள் மாறிவிட்டார், ஒப்புதல் வரிசை மாறவில்லை, விடுப்பு விண்ணப்பம் எல்லாம் முந்தைய அலுவலரின் கணக்கிலேயே போய் விழுந்தது, அவரோ வேறு வளாகத்துக்கு மாறிவிட்டார். 23 நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம், அதற்குள் 40 விண்ணப்பத்துக்கு மேல் தேங்கி, மகப்பேறு விடுப்பில் இருந்த ஒரு பணியாளருக்குச் சம்பளமே நின்றுவிட்டது. பழைய கணக்கை மூடுகிற நாள், புதிய கணக்கைத் திறக்கிற நாள் இரண்டும் ஒரே நாளாக இருக்கட்டும். எங்களிடம் வாயால் சொன்னால் நாங்கள் மாற்ற மாட்டோம், மாற்றவும் கூடாது.

---

துறைத்தலைவர் எழுதியது:

நான் ஆசிரியர் பக்கத்திலிருந்து பேசுகிறேன். நீங்கள் எல்லோரும் ஆணையைப் பற்றியே பேசுகிறீர்கள், இந்த மையம் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் முன்பு இதைத்தான் செய்தார்கள். என் துறை அலுவலகத்தில் ஒரு அம்மா இருந்தார், 20 வருடத்துக்கு மேல் அதே மேசை. அவர் இழுப்பறையில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கும். எந்த ஆய்வு மாணவரின் உதவித்தொகை எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும், யாருடைய நெறியாளர் ஓய்வு பெறப்போகிறார், எந்த வெளித்தேர்வாளர் கடிதத்துக்குப் பதில் போடமாட்டார், தொலைபேசியில்தான் பிடிக்க வேண்டும், எல்லாம் அதில் கையெழுத்தாக இருக்கும், தேதி நெருங்கியதைச் சிவப்பு மையில் சுற்றி வைத்திருப்பார். மறுசீரமைப்புக் குழு வந்து அவரிடம் ஒரு படிவம் கொடுத்து அவர் பார்க்கிற வேலைகளைப் பட்டியலிடச் சொன்னது. அவர் "தபால் பதிவு, விடுப்புப் பதிவு, சம்பளப் பட்டியல் உதவி" என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தார். நோட்டில் எழுதுவதெல்லாம் ஒரு வேலை என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவரை மையத்துக்கு எடுத்துச் சம்பளப் பட்டியலில் போட்டார்கள், நோட்டு பழைய மேசையோடு கிடங்குக்குப் போனது. அந்த வருடம் என் மாணவி ஒருத்திக்கு உதவித்தொகைப் புதுப்பித்தல் தவறி நான்கு மாதம் பணம் வரவில்லை. அவள் என்னிடம்கூடச் சொல்லாமல் விடுதியைக் காலி செய்திருந்தாள். எனக்கு அது தெரிந்த நாளை இன்னும் மறக்க முடியவில்லை. மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற பிள்ளையின் முகம் தெரிந்த ஒருவர் துறையில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

வெளிநாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், துறைகளில் கணக்கு வேலையும் பணியாளர் வேலையும் பார்த்துக்கொண்டிருந்த சுமார் 275 பேரை எடுத்து வளாகத்துக்கு வெளியே ஒரே மையத்தில் உட்கார வைப்பதாகத் திட்டம் போட்டார்கள். துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்புக் கடிதம் எழுதின, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் கையெழுத்திட்டார்கள். நிர்வாகம் இடமாற்றத்தைத் தள்ளிவைத்தது, மிச்சமாகும் என்று முதலில் சொன்ன தொகையையும் பின்னால் குறைத்துச் சொல்ல வேண்டிவந்தது. அதே 2013இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வளாகத்துக்குத் தள்ளி ஒரு பொது மையம் திறந்தது, சில வருடத்திலேயே அதைப் பகுதிவாரியாகப் பிரிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே சகோதரி, பொறுப்பேற்கும் முன் துறைத்தலைவர்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு ஒரு முறை பேசுங்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் எங்களுக்கு இன்று வரை உள்ள வருத்தம்.

---

இணைந்த பல்கலை எழுதியது:

பேராசிரியர் சொன்ன அந்த நோட்டு விஷயம் மனதைப் பிசைகிறது. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கிற முடிவை நான் முழுதாக ஏற்க மாட்டேன். அந்த அம்மா மையத்துக்குப் போகாமல் ஓய்வு பெற்றுப் போயிருந்தாலும், ஒரு மாதம் படுக்கையில் விழுந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் சார். ஒரு மாணவியின் நான்கு மாதச் சாப்பாடு ஒரே ஒருவரின் இழுப்பறையை நம்பி இருந்தது என்பதே முதலில் சரி செய்ய வேண்டியது. துறைக்கு ஒருவர் என்று இருக்கும் சின்ன அலுவலகங்களில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களால் நிம்மதியாக ஒரு வாரம் விடுப்புகூட எடுக்க முடியாது.

நான் இரண்டு நிறுவனங்கள் ஒன்றான ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறேன், இணைப்பு நடந்தபோது பணியாளர் பிரிவில் இருந்தேன். அப்போது நாங்கள் பல இடங்களின் அனுபவத்தைத் தேடிப் படித்தோம். மான்செஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 அக்டோபரில் அங்கே மான்செஸ்டர் விக்டோரியா பல்கலைக்கழகமும் யூமிஸ்ட் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இணைந்தன. பெரியது சின்னதை விழுங்காமல் இரண்டையுமே கலைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள், அதனால் யாரும் தோற்றவர் ஆகவில்லை. இன்னொன்று, முதல் தலைவரான ஆலன் கில்பர்ட் மெல்போர்னிலிருந்து வந்து அதற்குச் சில மாதங்கள் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டார். யார் தலைமை என்று தெரிந்த பிறகுதான் மற்ற நாற்காலிகள் நகர்ந்தன. உங்கள் இடத்தில் அப்படியே தலைகீழாக நடக்கிறது, மேசை திங்கட்கிழமை போகிறது, தலைமை யார் என்று தாளில் இல்லை.

வரைபடத்தைப் பார்த்துப் பயந்துவிடவும் வேண்டாம், அது கல்வெட்டு இல்லை. மான்செஸ்டரில் நான்கு புலமாகத் தொடங்கியது 2016இல் மூன்றாகக் குறைந்தது. பின்லாந்தில் ஆல்டோ பல்கலைக்கழகம் 2010இல் மூன்று நிறுவனங்களை இணைத்து உருவானது, அடுத்த வருடமே தொழில்நுட்பப் பகுதியை நான்காகப் பிரித்தார்கள். அதனால் உங்கள் வரைவு ஆணையில், ஆறு மாதத்தில் மறுபரிசீலனை, அதில் துறைத்தலைவர்களும் பணியாளர் பிரதிநிதிகளும் இருப்பார்கள் என்று ஒரு பத்தி சேருங்கள். பேராசிரியர் கேட்பதும் அதுதானே.

இன்னொரு கேள்வியும் முக்கியம், பலர் கேட்க மறந்துவிடுவார்கள்: வேலை கொடுப்பவர் மாறுகிறாரா, பணியின் தன்மை மாறுகிறதா? உங்கள் மையம் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருந்தால் கவலை குறைவு. ஆனால் பின்னால் அதைத் தனி அமைப்பாகவோ வெளி ஒப்பந்தமாகவோ ஆக்கினால் கதையே வேறு. பின்லாந்தில் 2010 தொடக்கத்தில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பல்கலைக்கழகப் பணியாளர்கள் அதுவரை இருந்த அரசுப் பணியாளர் நிலையிலிருந்து, பல்கலைக்கழகத்தோடு வேலை ஒப்பந்தம் உள்ள பணியாளர் நிலைக்கு மாறினார்கள் (நம் ஊரில் சொல்கிற தற்காலிக ஒப்பந்தம் அல்ல), ஒரே மேசை, ஒரே வேலை, பணியின் சட்டநிலை மட்டும் வேறு. நிறுவனம் கைமாறும்போது பணியாளரின் பழைய நிபந்தனைகளும் கூடவே போக வேண்டும் என்று ஐரோப்பாவில் 1977இலேயே விதி கொண்டுவந்தார்கள், பிரிட்டன் 1981இல் அதைத் தன் விதிகளில் சேர்த்தது. எல்லா நாட்டிலும் அந்தப் பாதுகாப்பு இருக்காது, ஆகவே உங்கள் ஆணையிலேயே "தற்போதைய பணி நிபந்தனைகள் எதுவும் பாதிக்கப்படாது" என்று வாங்குங்கள், 31 பேருக்கும் சேர்த்து.

எதை மையத்துக்குக் கொண்டுபோகலாம், எதைத் துறையில் விட வேண்டும் என்றால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இது: விதி ஒன்றாக இருக்கிற வேலை, யார் வந்தாலும் ஒரே மாதிரி முடிகிற வேலை, சம்பளம், விடுப்புக் கணக்கு, கொள்முதல், இவை மையத்தில் நன்றாக நடக்கும், தவறும் குறையும். ஆளைப் பார்த்து, கதையைக் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை துறையில்தான் இருக்க வேண்டும். ஆய்வு மாணவர் விவகாரம் முழுவதும் இரண்டாவது வகை. உங்கள் சுற்றறிக்கை மாணவர் சேவை மொத்தத்தையும் எடுப்பதாகச் சொல்கிறது, அதை மட்டும் எதிர்த்து எழுதுங்கள்.

---

உபரி எழுதியது:

நான் அந்த 7 பேரில் ஒருத்தி மாதிரிதான் அக்கா. வேறு பல்கலைக்கழகம், ஆனால் கதை ஒன்று.

எங்களையும் இப்படித்தான் வரைபடம் போட்டு எண்ணினார்கள், கட்டம் குறைவு, ஆள் அதிகம். எங்களுக்கு 'உபரி' என்று பேர் வைத்தார்கள். ஆணையில் என் பெயருக்கு எதிரே அந்த ஒரு சொல்தான் இருந்தது. பணிநிரவல் செய்வோம் என்றார்கள், எங்கே, எப்போது என்று சொல்லவில்லை. ஐந்து மாதம் ஒரு வேலையும் இல்லாமல் நூலகத்தின் பின்பக்கம் ஒரு அறையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம், காலையில் கையெழுத்து, மாலையில் கையெழுத்து. சம்பளம் வந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் பிள்ளை "இன்றைக்கு ஆபீசில் என்ன செய்தாய் அம்மா" என்று கேட்கும்போது சொல்ல ஒன்றும் இருக்காது.

பெரியவர்கள் எல்லோரும் உங்கள் ஆணைக்கு என்னென்ன வரி வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், நல்லதுதான். அந்த 7 பேருக்கு என்ன வரி என்று நீங்கள் கேளுங்கள் அக்கா. எந்த அடிப்படையில் 7 பேரைப் பிரிக்கிறார்கள், பணிமூப்பில் கடைசி ஆட்களா, ஒழிக்கப்பட்ட பணியிடத்தில் இருப்பவர்களா, பிடிக்காதவர்களா? அடுத்து காலியாகிற இடங்களில் அவர்களுக்கு முன்னுரிமை உண்டா? மையத்தின் தலைமையில் உட்காரப்போகிறவர் கேட்டால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும். எங்களுக்காக அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஐந்து மாதம் மிஞ்சியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

---

பிரிவு அலுவலர் 14 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுத முடியவில்லை, ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

ஐயா சொன்னபடி குறிப்பும் வரைவு ஆணையும் தயாரித்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன், உபரி என்ற பெயரில் எழுதிய அந்தத் தங்கையின் பதிலைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் எனக்குக் குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்த அக்காவின் மேசைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பதிவாளர் என்னிடம் சொன்னது முழுவதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எனக்கு இன்னும் ஒன்றரை வருடம்தான் இருக்கிறது, நான் மையத்துக்கு வரப்போவதில்லை, ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். "கேட்கச் சொல்லி எழுதுவேன் அக்கா" என்றேன். மற்றொருவரையும் பார்த்தேன், அவர் பதவி வேண்டும் என்றே சொன்னார். அதுவும் நியாயம்தான். ஆகவே என் குறிப்பில், பணிமூப்பில் எனக்கு மேலே உள்ள இருவரின் விருப்பத்தையும் எழுத்தில் பெற்ற பிறகே பொறுப்பு ஆணை வழங்கலாம் என்று முதல் பத்தியாகவே எழுதிவிட்டேன். எழுதும்போது கை நடுங்கியது உண்மை.

பேராசிரியர் சொன்ன நோட்டுக்காக ஆறு அலுவலகத்துக்கும் போனேன். படிவம் எதுவும் கொடுக்கவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் அரை நாள் உட்கார்ந்து, யார் வந்து என்ன கேட்கிறார்கள், இவர் எதைத் திறந்து பார்க்கிறார் என்று எழுதிக்கொண்டேன். சுற்றறிக்கையில் 19 வேலைகள் இருந்தன, என் கணக்கில் 52 வந்தது. ஒரு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் ஒருவர் பார்வையற்ற மாணவர்கள் மூன்று பேருக்குத் தேர்வு எழுதித் தருபவரை ஏற்பாடு செய்கிறார், ஆறு வருடமாக, அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சுற்றறிக்கையின்படி அவருடைய இடத்துக்குக் கட்டமே கிடையாது. இந்த 52ஐயும் இணைத்து, மாணவர் சேவை துறைகளிலேயே இருக்கட்டும், அதற்கு 24 பேர் போதாது, அந்த 7 பேரில் ஆறு பேரைத் துறைக்கு ஒருவராக விடலாம், ஏழாவது ஆள் மையத்தின் தபாலுக்குத் தேவை என்று எழுதினேன். துறைத்தலைவர்களில் நான்கு பேர் கையெழுத்திட்டார்கள், இரண்டு பேர் பார்க்கலாம் என்றார்கள்.

திங்கட்கிழமை மேசை நகரவில்லை. பதிவாளர் முதலில் கோபப்பட்டார், பிறகு அந்த 52 வரிகளையும் என்னை எதிரே உட்கார வைத்தே படித்தார், ஒரு மணி நேரம் ஆயிற்று. தேர்வு எழுதுபவர் வரிக்கு வந்தபோது "இதை யார் செய்யச் சொன்னது?" என்றார். யாரும் சொல்லவில்லை, அவரே செய்கிறார் என்றேன். பொருளை அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நேற்று வரைவு ஆணை திருத்தத்தோடு திரும்பி வந்தது. காலம் ஆறு மாதம், அதிகார இணைப்பு, மென்பொருள் மாற்றும் நாள், பணி நிபந்தனை, பணிமூப்பில் மேலே உள்ளவர்களின் விருப்பம் எல்லாம் அப்படியே இருக்கிறது. தாய்ப் பணியிட உரிமை என்ற வரியை மட்டும் அடித்திருக்கிறார்கள். ஐயா, இதை விட்டுவிடலாமா?

---

ஓய்வு பெற்ற துணைப் பதிவாளர் எழுதியது:

விடாதீர்கள் அம்மா. அடித்தவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றில்லை. துறை அலுவலகம் கலைகிறது, பிறகு எந்தப் பணியிடத்தின் மீது உரிமை என்று பணியமைப்பில் யாரோ யோசித்திருப்பார்கள். அதனால் அந்த வரியை மாற்றி எழுதுங்கள்: 'துறைப் பணியிடம்' என்று சொல்லாமல், 'கண்காணிப்பாளர் நிலையில் அவருடைய பணியிட உரிமையும் பணிமூப்பும் தொடரும், அந்த நிலையில் எங்கு பணியிடம் உள்ளதோ அங்கு பணியமர்த்தப்படுவார்' என்று போடுங்கள். இதை மறுக்க அவர்களிடம் காரணம் இருக்காது. ஆட்சிக்குழுப் பொருள் நிரலில் உங்கள் 52 வரியும் இணைப்பாகப் போகிறதா என்று முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுங்கள், இணைப்புகள்தான் கடைசி நேரத்தில் விடுபட்டுப் போகும். கூட்டம் முடிந்ததும் தீர்மான எண்ணை இங்கே எழுத வேண்டாம், உங்கள் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள், என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்லுங்கள்.